டைனமோவுக்கும் பேட்டரிக்கும் நடுவே

டக். அப்புறம் ஒன்றுமில்லை. மறுபடியும் டக்.

வரிசையாக வைத்திருந்த பேட்டரிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த சந்தியாகுவின் கை நின்றது. ஐஸ் கம்பெனிச் சுவர் மறைத்ததால் படகு கண்ணில் படவில்லை. படவேண்டியதும் இல்லை. உயிர் போன பேட்டரியில் சாவியைத் திருப்பினால் எஞ்சின் அப்படித்தான் முனகும். எந்தப் படகு என்றும் அவருக்குத் தெரியும்.

“இதோட மூணாவது தடவை” என்றார்.

கித்தேரி மீட்டர் பையைத் தோளில் மாட்டினாள். “வாங்க, பாப்போம்.”

கித்தேரிக்கு வயது முப்பத்துமூன்று. தூத்துக்குடிக் கரையில் படகு எஞ்சினில் கரண்ட் வேலை என்றால் அவள்தான். சந்தியாகுவுக்கு ஐம்பத்துநாலு. முப்பது வருஷம் படகு ஓட்டி, முதுகு விட்டுப்போனபின் அவளிடம் தொழில் படிக்க வந்தவர். ‘மக வயசுப் பிள்ளைகிட்ட ஆனா ஆவன்னா படிக்கப் போறாரு’ என்று கரையே சிரித்தது. சிரித்தால் பல்தானே தெரியும் என்று விட்டுவிட்டார். அவர் அவளை மேஸ்திரி என்றார். அவள் அவரை அண்ணே என்றாள்.

இரண்டு மாதமாக அவள் கொல்லத்தில் வேலையாக இருந்தாள். நேற்றுதான் திரும்பியிருந்தாள். அதுவரை கடை அவர் கையில்.

படகருகே முதலாளி மச்சாது நின்றார். அவர் பக்கத்தில் துணிப்பையோடு ஒரு புது டிரைவர். பழைய டிரைவர் கஸ்பார் படகின் விளிம்பில் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தான்.

“பாக்கதுக்கு ஒண்ணுமில்லம்மா” என்றார் மச்சாது. “சந்தியாகு ரெண்டு தடவை பாத்துட்டாரு. வயர் சுத்தம், டைனமோ சுத்தம். இவன் கடல்ல லைட்டை எரியவிட்டுட்டு செல்லுல படம் பாக்கான். பேட்டரி செத்து ஏழு பேரு அலையில கிடந்தானுவ. இனிமே இவன் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. பேட்டரிய மட்டும் மாத்திக் குடு.”

“மாதா மேல சத்தியமா நான் படம் பாக்கல” என்றான் கஸ்பார். “மாமா, நீங்களாவது சொல்லுங்க.”

சந்தியாகு கடலைப் பார்த்தார். “மீட்டர் சொன்னதைத்தாம்பா நான் சொன்னேன்.”

கித்தேரி எஞ்சின் அறைக்குள் இறங்கினாள். பின்னாலேயே அவரும் இறங்கினார். பக்கத்துப் படகின் பேட்டரியைக் கொண்டுவந்து மாட்டி எஞ்சினை ஓடவிட்டார்கள். சந்தியாகு மீட்டரைப் பேட்டரியில் வைத்தார்.

“பதினாலு வோல்ட். பாத்தியளா மேஸ்திரி? அன்னைக்கும் இதேதான்.”

“அன்னைக்கு வேற என்னெல்லாம் ஓடிட்டு இருந்துச்சு?”

“எதுவும் இல்ல. எல்லாத்தையும் அணைச்சுட்டுத்தான் பாத்தேன்.”

“ஏன்?”

“மீட்டருக்கு இடைஞ்சல் இருக்கக்கூடாதுல்லா.”

கித்தேரி மேலே பார்த்துக் குரல் கொடுத்தாள். “கஸ்பாரு, எல்லா லைட்டையும் போடு. தண்ணி இறைக்கிற மோட்டாரையும் போடு.”

மேலே சுவிட்சுகள் ஒவ்வொன்றாக விழுந்தன. மீட்டர் இறங்கியது. பன்னிரண்டரையில் வந்து நின்றது.

“டைனமோவுல வச்சுப் பாருங்க.”

பதினாலு.

“அங்க பதினாலு. இங்க பன்னிரண்டரை. நடுவுல ஒன்றரையத் தின்னது யாரு?”

சந்தியாகு சிவப்புக் கம்பியை முனைக்கு முனை பார்த்தார். அதில் நட்டமில்லை. அப்படியானால் கரண்ட் திரும்பி வரும் வழி. இந்த டைனமோவுக்குத் தனியாகக் கருப்புக் கம்பி கிடையாது. அதன் உடம்பே கம்பி. உடம்பிலிருந்து அதைத் தாங்கும் இரும்புத் தாங்கிக்கு, தாங்கியிலிருந்து எஞ்சினுக்கு. மீட்டர் முனையைத் தாங்கியில் வைத்தார். மீட்டர் அசையவில்லை. அழுத்தினார். முனை வழுக்கியது.

நீலப் பெயிண்ட். பெயிண்ட் வழியாகக் கரண்ட் பாயாது.

மீன்பிடித் தடைக்காலத்தில் அந்த டைனமோவைக் கழற்றியவர் அவர்தான். துருவைத் தேய்த்து, தாங்கிக்கு வான நீலத்தில் மூன்று கோட் அடித்தார், போல்ட் துளையின் விளிம்பைக்கூட விடாமல். அவர் தனியாகச் செய்த முதல் வேலை. போட்டோ எடுத்துக்கொண்டுபோய் மனைவியிடம் காட்டினார். காய்ந்த பெயிண்டின்மேல் டைனமோவை உட்கார வைத்தார். கரண்ட் அன்றிலிருந்து வழியில்லாமல் போல்ட் மரைக்குள் தட்டித் தடுமாறிக்கொண்டிருந்தது.

கித்தேரி உப்புத்தாளை நீட்டினாள். எஞ்சினை நிறுத்தி, டைனமோவைக் கழற்றி, இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்தார். மாட்டி, எஞ்சினை மறுபடி ஓடவிட்டார்கள். எல்லா லைட்டும் எரிய, மோட்டாரும் ஓட, பேட்டரியில் பதினாலு நின்றது.

“என்னம்மா, இவன் வேலைதானே?” மேலேயிருந்து மச்சாது கேட்டார்.

கித்தேரி மீட்டரின் கம்பிகளைச் சுற்றத் தொடங்கினாள். இரண்டே கம்பிதான். அதைச் சுற்ற அவ்வளவு நேரம் ஆகாது.

போல்ட் லூஸ் என்று சொன்னால் போதும் என்று சந்தியாகுவுக்குத் தோன்றியது. யார் வந்து பார்க்கப்போகிறார்கள்? ஆனால் லூஸ் போல்ட்டை முறுக்காதவன் யார் என்பார்கள். அதற்கும் பழி கஸ்பார் மேல்தான் விழும்.

முதுகைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினார்.

“முதலாளி, கஸ்பார் மேல தப்பு இல்ல. பெயிண்டை அடிச்சு அதுமேல டைனமோவ மாட்டினவன் நான். அரைகுறையாப் பாத்துட்டு இவன்மேல பழியப் போட்டதும் நாந்தான்.”

புது டிரைவர் சிரித்தான். “அழகு பாத்து ஆளக் கவுத்துட்டீரே, ஓய்!”

“ஏழு உயிரு, வே!” என்று கத்தினார் மச்சாது. “கிழடு தட்டுன பிறகு வித்தை படிச்ச லட்சணமா இது?”

சந்தியாகு எல்லாவற்றையும் நின்று வாங்கிக்கொண்டார். மச்சாது சாவியைக் கஸ்பாரிடம் நீட்டினார். கஸ்பார் வாங்கிக்கொண்டு ஸ்டியரிங் பக்கம் போனான். சந்தியாகுவை அவன் ஏறிட்டும் பார்க்கவில்லை. போகிற போக்கில், அவர் காலடியில் சுருண்டு கிடந்த கயிற்றை மட்டும் காலால் ஒதுக்கிவிட்டுப் போனான்.

இருவரும் கடைக்குத் திரும்பினார்கள்.

“மேஸ்திரி.”

“சொல்லுங்கண்ணே.”

“உள்ள இறங்குனதும் அந்த நீலத்தப் பாத்திருப்பிய.”

“பாத்தேன்.”

“அப்பவே தெரிஞ்சிருக்கும்.”

“தெரிஞ்சுது.”

“பின்ன ஏன் சொல்லல? அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிருக்குமே.”

கித்தேரி பையை ஆணியில் மாட்டினாள்.

“நான் சொல்லியிருந்தா போட் மட்டுந்தாண்ணே சரியாகியிருக்கும்.”

சந்தியாகு புனலை எடுத்து, அடுத்த பேட்டரியின் மூடியைத் திருகினார்.