கை தட்டும் இடம்

“முதல்ல புதரை வெட்டு, அப்புறம் பூங்காவைப் பத்திப் பேசுன்னு சொல்றாங்கம்மா” என்றார் திருவேங்கடம்.

மெய்யம்மை படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். பூங்கா வடிவமைக்கும் வேலையில் அவள்தான் அவருக்கு ஆசிரியை. அவளுக்கு நாற்பது வயது, அவருக்கு அறுபத்திரண்டு. சாலைப் பொறியாளராக ஓய்வு பெற்று அவளிடம் கற்க வந்தவர். வேலையை விட்டுவிட்டார், கோபத்தை விடவில்லை.

ஊர்க் குளக்கரையில் வரப்போகிற பூங்கா அது. கரையோரத் தாழம்புதரில் நாரைகள் குஞ்சு பொரித்திருந்தன. மறுநாள் ஊர்க்கூட்டம். வெட்டு என்று கூட்டம் சொல்லிவிட்டால், உடனே இயந்திரம் வந்துவிடும்.

“ஏன் வெட்டணுமாம்?”

“செல்லக்கனின்னு ஒரு அம்மா. அவங்க மகனைப் பாம்பு கடிச்சிருக்கு. பிழைச்சுட்டான். ஆனா இன்னும் கட்டிலை விட்டுக் காலைக் கீழே வைக்கப் பயப்படறானாம்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“நாம ஒண்ணும் பண்ணலைன்னா பாம்பும் ஒண்ணும் பண்ணாதுன்னு சொன்னேன்.”

மெய்யம்மை கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டாள்.

“புதருக்குள்ள ஒரு நடைபாதை வரைஞ்சிருக்கீங்களே, நடந்து பார்த்தீங்களா?”

“பகல்ல போய் அளந்தேன்.”

“இப்ப நடக்கலாம். டார்ச் வேண்டாம்.”

பொழுது சாய்ந்திருந்தது.

இருட்டினால் அந்த ஊரில் யாரும் பாம்பு என்று சொல்வதில்லை. பூச்சி என்பார்கள். புதர்ப் பக்கம் போக நேர்ந்தால், அது விலகிப் போகட்டும் என்று கை தட்டிக்கொண்டே நடப்பார்கள். இந்த ஊருக்கு வந்த முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு, “யாருக்குப்பா பாராட்டு?” என்று சிரித்தவர் திருவேங்கடம்.

இப்போது அவர் முன்னால் நடந்தார். அவள் பின்னால்.

தாழை மடல் கணுக்காலை உரசியது.

சருகுக்குள் ஏதோ நகர்ந்தது. நின்றது. மறுபடி நகர்ந்தது, இந்த முறை பக்கத்தில்.

யாரோ கை தட்டும் சத்தம் கேட்டது. தட்டுவது தன் கைகள்தான் என்று தெரிய அவருக்குச் சற்று நேரமானது.

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. திரும்பிவிட்டார். தெருவிளக்குக்கு அடியில் வந்துதான் நின்றார்.

“வெட்டிரலாம்மா” என்றார். “நாரை வேற எங்கயாவது கூடு கட்டிக்கும். நாளைக்கு நானே சொல்லிடறேன்.”

சொல்லும்போதே வெட்கமாக இருந்தது. ஆனாலும் பயம்தான் பெரிதாக இருந்தது.

மெய்யம்மை கடிந்துகொள்ளவில்லை.

“எந்த இடத்துல கை தட்ட ஆரம்பிச்சீங்க?”

யோசித்துப் பார்த்தார். “தெரியலையே.”

“தெரிஞ்சவங்க இந்த ஊர்ல இருக்காங்க” என்றாள்.

மறுநாள் பள்ளிக்கூடத் தரையில் வரைபடத்தை விரித்தார்கள். நாரைகளைப் பற்றிப் பேச திருவேங்கடம் நிறையத் தயாரித்து வந்திருந்தார். அதில் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

“நேத்து சாயங்காலம் அந்தப் பக்கம் போனேன். பயந்துட்டேன்” என்றார்.

நாலைந்து பேர் சிரித்தார்கள். செல்லக்கனி சிரிக்கவில்லை.

“நீங்க எந்த இடத்துல கை தட்ட ஆரம்பிப்பீங்கம்மா? காட்டுங்க.”

அவள் வந்து குனிந்தாள். வரைபடத்தில் குளக்கரைக் கோயிலைத் தேடினாள். அங்கிருந்து கரையோடு விரலை நகர்த்தி, ஓரிடத்தில் ஊன்றினாள்.

“இங்கன இருந்து.”

விரலை எடுக்காமலே பேசினாள்.

“பிள்ளைக உள்ள போவும்னுதான் சார் வெட்டச் சொன்னேன். பார்க்கு இதுக்கு இந்தப் பக்கமே நின்னுட்டா, வேலி போட்டுட்டா, அங்க எங்களுக்கு ஒரு சோலியும் கெடையாது. அந்த எடத்தப் பூச்சியே வச்சுக்கிடட்டும்.”

திருவேங்கடம் குனிந்து பார்த்தார்.

அவள் விரலுக்கு அடியில் அவர் ஊஞ்சல் வரைந்திருந்தார்.