கஸ்பார் சொன்ன இடம்

"மீன் எங்கே இருக்கு?" என்று கேட்டான் கஸ்பார்.

"கடல்ல" என்றாள் அமலோற்பவம்.

"கடல்ல எங்கே?"

"தண்ணிக்குள்ள."

கஸ்பார் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறினான். காய்ந்த உப்பு அறை முழுக்கப் பறந்தது.

"நான் சீடனா வந்து நிக்கேன். நீ கொழுந்தியா மாதிரி பதில் சொல்ற."

"நான் கொழுந்தியாதானே அத்தான்."

அதுவும் சரிதான். அமலோற்பவம் அவன் மனைவி லூசம்மாளுக்குத் தங்கை. சிப்பிமுனை மீனவர் சங்கத்தின் கரை வயர்லெஸ் அவள் பொறுப்பில் இருந்தது. காலையில் காற்று எப்படி, அலை எப்படி என்று சொல்லுவாள். அதன் பிறகு, கடலில் கிடக்கும் போட்டுகள் ஒன்றோடொன்று பேசுவதைக் கேட்டபடி பூக் கட்டுவாள். கேட்டுக் கேட்டே அவளுக்கு ஞானி என்று பெயர் வந்துவிட்டது. மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறவர்களும் புது இன்ஜின் வாங்குகிறவர்களும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போனார்கள். அவள் நேராகப் பதில் சொன்னதாக யாரும் சொன்னதில்லை. அவள் சொன்னது வீண்போனதாகவும் யாரும் சொன்னதில்லை.

கஸ்பாரின் காரியம் கொஞ்சம் அவசரம்.

அவன் தண்டல். போட்டை ஓட்டுவதும், வலை விட இடம் பார்ப்பதும் அவன் வேலை. கச்சான் என்கிற மேல்காற்று பிடித்த நாளிலிருந்து அவன் பார்த்த இடம் எதிலும் மீன் இல்லை. வெளிக்கடலில் நீரோட்டம் வலையைப் பாய் போலச் சுருட்டித் தந்தது. கரைக்கடலில் தண்ணீர் கடைத் தேநீர் மாதிரி கலங்கிக் கிடந்தது. போட்டுக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி இன்னாசி நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் சொல்வது போலவே, தோளில் கை போட்டுக்கொண்டு சொன்னார்.

"கச்சான் அடங்குறதுக்குள்ள ஒரு நல்ல மீன்பாடு கொண்டா கஸ்பாரு. இல்லன்னா சுக்கானைத் தொபியாஸ்கிட்ட கொடுத்துர வேண்டியதுதான்."

தொபியாஸ் பழைய சின்னப் போட்டு ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தான். கெட்டிக்காரன். அதுதான் கஸ்பாருக்குப் பொறுக்கவில்லை.

"உக்காரு" என்றாள் அமலோற்பவம். "கேளு."

வயர்லெஸ் கரகரத்தது.

"தம்பி, பாடு எப்படி?"

"எங்கண்ணே. வலையில தண்ணிதான் வருது."

"இங்கயும் அதான். ரெண்டே ரெண்டு நண்டு. அதுல ஒண்ணுக்குக் கால் இல்ல."

நண்டுக்குக் கால் இல்லை என்றவன் தொபியாஸ். மத்தியானம் அவன் போட்டு கரைக்கு வந்தபோது, கூடை கூடையாக அயிலை மீன் இறங்கியது. ஜன்னல் வழியாகப் பார்த்த கஸ்பாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அத்தனையும் பொய்."

"நீ என்ன சொல்லுவ?"

"இருந்தா இல்லம்பேன். இல்லன்னா இருக்கும்பேன்."

"நம்புவாங்களா?"

"எவன் நம்புவான்? வயர்லெஸ்ல கேக்குறதைத் திருப்பிப் போட்டுத்தான் எல்லாரும் எடுத்துக்குவோம். இது எங்க அப்பன் காலத்துலேருந்து உள்ளது."

"யாரும் நம்பாத பொய்யை எதுக்கு மெனக்கெட்டுச் சொல்ற?"

"உண்மை சொன்னா மட்டும் நம்பிருவானா?"

"சொல்லிப் பாரேன்."

"நான் மீனைக் கேட்டு வந்தேன் அமலி."

"அதுக்குத்தான் சொல்றேன்" என்று அவள் பூவை எடுத்துக்கொண்டாள். பாடம் முடிந்துவிட்டது.

*

மறுநாள் விடியற்காலையில் கஸ்பார் மைக்கைக் கையில் எடுத்தான். ஒரு முறை இருமிக்கொண்டான்.

"கஸ்பார் பேசுறேன். கோயிலுக்கு நேர் கிழக்க, பதினெட்டு பாகம் ஆழம். தெக்கேருந்து ஓட்டம் பலமா இருக்கு. வலை எடுத்துட்டேன். ஒண்ணுமில்ல."

வயர்லெஸ் அமைதியாகிவிட்டது. அப்படி ஓர் அமைதியைக் கஸ்பார் அதில் கேட்டதே இல்லை.

"என்னண்ணே" என்றான் போட்டில் வேலை செய்யும் சேசடிமை, "இடத்தோட சொல்லிப்புட்ட?"

கொஞ்ச நேரத்தில் வடக்கே ஒரு புள்ளி தெரிந்தது. தெற்கே இரண்டு. பிறகு எண்ண முடியவில்லை. சிப்பிமுனைப் போட்டுகள் அத்தனையும் புகை கக்கிக்கொண்டு வந்து, கஸ்பாரைச் சுற்றி வலை விட்டன. திருவிழாவுக்குக்கூட அத்தனை போட்டு சேர்ந்ததில்லை.

வந்தது சொறி என்கிற ஜெல்லிமீன் மட்டும்தான். தொட்டால் கை அரிக்கும் சொறி, வலை வலையாக. தொபியாஸுக்கு அதோடு ஒரு ரப்பர் செருப்பும் கிடைத்தது.

"ஏல கஸ்பாரு! இதுக்கு ஜோடி உன்கிட்டயா இருக்கு?"

சாயங்காலம் கஸ்பார் சங்கத்துக்கு வந்தபோது, கை முழங்கை வரை சிவந்திருந்தது.

"உண்மையைச் சொன்னேன். ஊரே வந்து சுத்தி நின்னு வையுது."

"என்ன சொல்லி வைதாங்க?"

"பொய்க்காரன்னு."

அமலோற்பவம் சிரித்த சிரிப்பில் கட்டிய பூ மடியிலிருந்து நழுவியது.

"இத்தனை வருஷம் விதைச்சுட்டு, ஒரே காலைல வேற பயிரை அறுக்கணும்னா எப்படி அத்தான்?"

"நமக்கு ஏதுடி வயலு? சரி, நாளைக்கும் சொல்லணுமா?"

"ஏன், நாளைக்கு உண்மைக்கு லீவா?"

*

அடுத்து வந்த நாட்களில் கச்சான் வெறிகொண்டு அடித்தது. வெளிக்கடலுக்குப் போக முடியவில்லை. கஸ்பார் கரையை ஒட்டியே போட்டை விட்டான். கலங்கல் கொஞ்சம் தெளிந்திருந்த ஒரு பாறைத் திட்டின் ஓரத்தில் தூண்டிலைப் போட்டான். கணவாய் ஏறியது. போட்டது போட்டபடி ஏறியது.

அவன் மைக்கை எடுத்தான்.

"கோயிலுக்குத் தெக்கே, பாறைத் திட்டுக்கிட்ட, ஏழு பாகம். கணவாய் கிடக்கு. நிறையக் கிடக்கு. வாங்க."

"அண்ணே" என்றது ஒரு குரல், "செருப்புக்கு இன்னும் ஜோடி கிடைக்கல. ஆளை விடு."

யாரும் வரவில்லை. மறுநாளும் அதே இடத்தைச் சொன்னான். மறுநாளும் வரவில்லை. கரையில் கணவாய் இறங்குவதை ஊர் பார்த்தது. அவன் சொன்ன இடத்தில் நிச்சயம் பிடித்திருக்க மாட்டான் என்று பேசிக்கொண்டு, வேறு இடங்களில் தேடியது.

சம்மாட்டி இன்னாசி ஒரு கணவாயைத் தூக்கிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இது வீட்டுச் செலவுக்குக் காணும் கஸ்பாரு. போட்டுச் செலவுக்குக் காணாது."

அப்படியும் கஸ்பாரின் உற்சாகம் குறையவில்லை. கை நிறையக் கணவாயோடு அமலோற்பவத்திடம் ஓடினான்.

"ஆசானே, பிடிச்சுட்டேன்! உண்மையைப் போல ஒரு பூட்டு உலகத்துல கிடையாது. வாங்க வாங்கன்னு கத்துறேன், ஒரு பய வரல. இது தெரியாம இத்தனை காலம் பொய் சொல்லிச் செத்தேனே!"

அமலோற்பவம் கணவாயை வாங்கிக்கொண்டாள்.

"இதை ராத்திரிக்கு வறுத்துக்கிறேன். பாடத்தை நீ இன்னும் வாங்கல."

"வேற என்ன பாக்கி?"

"நாளைக்குக் காத்து குறையுது. வெளிக்கடலுக்குப் போ."

*

கச்சான் அடங்கும் பருவத்தில் விடியற்காலைக் கடல் ஏமாற்றும். வழித்துவிட்டது போலக் கிடக்கும். உச்சிப்பொழுது தாண்டினால் குதிரை போலக் கிளம்பும்.

வெளிக்கடலில் தண்ணீர் நீலமாகியிருந்தது. தூரத்தில் ஆலாப் பறவைகள் கூட்டமாகக் குத்திக் குத்தி விழுந்தன. கஸ்பார் அவற்றுக்கு முன்னால் போய் வலையை விட்டான்.

சூரை மீன் கூட்டம்.

முதலில் மிதவைகள் ஆடின. பிறகு ஒன்று முங்கியது. பிறகு அடுத்தது. வரிசையாக, பிள்ளைகள் ஒவ்வொருவராகக் குளத்தில் குதிப்பது போல, எல்லாம் முங்கின. போட்டில் இருந்தவர்கள் கத்திக் கும்மாளமிட்டார்கள். கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். கயிறு வரவில்லை. போட்டுத்தான் சாய்ந்தது.

கும்மாளம் நின்றது.

"மீன் செத்துக் கனத்துருச்சுண்ணே" என்றான் சேசடிமை. "வலை அடிக்குப் போகுது."

கஸ்பார் மைக்கை எடுத்தான்.

"கஸ்பார் பேசுறேன். முப்பத்தஞ்சு பாகம், கோயிலுக்கு நேர் கிழக்க. வலை நிறையச் சூரை. தூக்க முடியல. யாராவது வாங்க. எடுக்கிறதுல பாதி உங்களுக்கு."

"பாதியா! அப்போ முழுசா இல்லன்னு அர்த்தம்" என்றது ஒரு போட்டு.

"கணவாய்க் கதை இதைவிட நல்லாருந்துச்சுண்ணே" என்றது இன்னொன்று.

கஸ்பார் கரையைக் கூப்பிட்டான்.

"அமலி, நீ சொல்லு. நீ சொன்னா நம்புவாங்க."

"நான் பாக்கலையே அத்தான்."

"நான் பாத்துட்டுத்தானே சொல்றேன்!"

"அப்போ நீ சொல்லு."

அவன் சொன்னான். திரும்பவும் சொன்னான். கத்திச் சொன்னான், கெஞ்சிச் சொன்னான். சிரிப்புத்தான் வந்தது. மேற்கே தண்ணீரின் நிறம் மாறத் தொடங்கியிருந்தது. சேசடிமை கத்தியை எடுத்து வைத்துக்கொண்டான்.

"வெட்டிருவோம்ணே. காத்து எழும்பினா போட்டையே இழுத்துக் கவுத்துரும்."

வலை சம்மாட்டியுடையது. வலையை வெட்டினால் சுக்கானையும் சேர்த்து வெட்டியதாகத்தான் கணக்கு. கஸ்பார் கத்தியைப் பார்த்தான். மேற்கே பார்த்தான். "கொஞ்சம் பொறு" என்றான். எதற்குப் பொறுக்கச் சொல்கிறோம் என்று அவனுக்கே தெரியவில்லை.

அப்போது ஓர் இன்ஜின் சத்தம் கேட்டது. பழைய இன்ஜின். இருமி இருமி ஓடுவது.

தொபியாஸ்.

"நீயா?" என்றான் கஸ்பார். "நீ எப்படி நம்பின?"

"ஒண்ணுமில்லன்னு சொன்ன அன்னிக்கு ஒண்ணுமில்ல. கணவாய்னு சொன்ன அன்னிக்குக் கணவாய். எம்பொண்டாட்டி உன் கணவாயைக் கரையில வாங்கிட்டு வந்து எனக்கே ஆக்கிப் போட்டா. போட்டுட்டு ஒரு பார்வை பாத்தா பாரு. இன்னும் நம்பாம இருந்தா எனக்கு வீட்டுல சோறு கிடையாது."

"இந்த வலை கரை சேர்ந்தா இந்தப் போட்டு உனக்கு வராதுடே. தெரியும்ல?"

"அதை அப்புறம் பேசு. கயித்தைப் போடு!"

கயிறு பறந்தது. தொபியாஸ் அதைத் தன் போட்டில் கட்டினான். இரண்டு போட்டுக்கும் நடுவே வலை தொங்கியது. கீழே போவது நின்றது. ஆனால் மேலேயும் வரவில்லை. இரண்டு போட்டின் ஆட்கள் போதவில்லை.

"நீ கூப்பிட்டுப் பாரு" என்றான் கஸ்பார். "உன்னைத் திட்டின ஆளு குறைச்சல்."

தொபியாஸ் மைக்கை எடுத்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் யாரோ கேட்டார்கள்:

"தொபியாஸு, அங்க என்ன கிடக்கு?"

"எங்கண்ணே" என்றான் தொபியாஸ். பல வருஷப் பழக்கம். "ஒண்ணுமில்ல. கஸ்பார் சும்மா கத்திக்கிட்டுக் கிடக்கான்."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

சேசடிமை கத்தியைத் திரும்பக் கையில் எடுத்தான்.

வடக்கே ஒரு புள்ளி தெரிந்தது. தெற்கே இரண்டு. நாலா பக்கமும் புகை எழும்பியது. இன்ஜின்கள் தொண்டை கிழிய வந்தன.

முதலில் சிரித்தவன் சேசடிமை. சிரித்த சிரிப்பில் கத்தி கடலில் விழுந்தது. அதை யாரும் தேடவில்லை.

*

காற்று எழும்புவதற்குள் வலை முழுசாக மேலே வந்தது. சிப்பிமுனையில் அன்று சூரை வைக்க இடம் போதவில்லை. ஐஸ் லாரிக்கு ஆள் ஓடினார்கள். சம்மாட்டி இன்னாசி வலையைக் கண்ணி கண்ணியாகத் தடவிப் பார்த்தார். ஓர் இடத்திலும் வெட்டு இல்லை. கஸ்பாரின் தோளில் கையைப் போட்டார்.

"சுக்கான் உன் கையிலயே இருக்கட்டும்."

கஸ்பார் குளிக்கக்கூட இல்லை. மீன் செதிளோடு சங்கத்துக்குப் போனான். அமலோற்பவம் வயர்லெஸ்ஸை அணைத்துவிட்டு வீட்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள்.

"குருவே, கோவிச்சுக்கக் கூடாது. உன் பாடம் தோத்துப் போச்சு."

"அப்படியா?"

"தொண்டை கிழிய உண்மையைச் சொன்னேன். ஒருத்தன் வந்தான். தொபியாஸ் ஒரே ஒரு பொய் சொன்னான். ஊரே வந்துருச்சு."

"கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

"அப்போ எது பெருசு?"

அமலோற்பவம் கதவைச் சாத்தினாள். பூட்டை மாட்டினாள்.

"பொய்யைக் கேட்டு வந்தவங்க, வந்ததும் என்ன கேட்டாங்க?"

"மீன் எங்கன்னு கேட்டாங்க."

"உண்மையைக் கேட்டு வந்தவன்?"

கஸ்பார் உள்ளங்கையில் கயிறு அறுத்த தடத்தைப் பார்த்தான்.

"கயித்தைக் கேட்டான்" என்றான்.