கேன்டீன் வடையும் கணினித் தாடையும்

தாடை அறுவை நிபுணர் பர்வீனுக்கு ஒரு சீடர் இருந்தார். பெயர் குற்றாலலிங்கம். குருவைவிடப் பதினைந்து வயது மூத்தவர். இயந்திரப் பொறியாளராக இருந்து, அது அலுத்துப்போய், கணினியில் தாடையை அசைத்துக் காட்டும் வித்தையைக் கற்க வந்தவர். வித்தை சீக்கிரமே கைவந்தது. கூடவே கொஞ்சம் தலைக்கனமும் வந்தது.

பஸ் கண்டக்டர் சூசைக்குக் கீழ்த்தாடையில் கட்டி. பாதித் தாடையை எடுத்துவிட்டு, அவருடைய கால் எலும்பை வைத்தே புதுத் தாடை கட்டியிருந்தார் பர்வீன். புண் நன்றாக ஆறிவிட்டது. ஆனால் வாயைத் திறந்தால் தாடை இடப்பக்கம் கோணியது.

குற்றாலலிங்கம் திரையைக் காட்டினார். அதில் சூசையின் தாடை கோணலாகத் திறந்தது. ஒரு பொத்தானைத் தட்டினார். புது எலும்பு சற்றே நகர்ந்தது. இப்போது தாடை நூல் பிடித்தாற்போல் நேராகத் திறந்து மூடியது.

"இன்னொரு ஆபரேஷன் போதும் டாக்டர். நேராயிரும்."

வாசலில் உட்கார்ந்திருந்த சூசையின் காதில் அது விழுந்தது. கைக்குட்டையால் வாயை மறைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"மறுபடியும் கீறணுமா டாக்டரம்மா?"

கைக்குட்டையை வாயோடு இன்னும் இறுக்கி அழுத்திக்கொண்டார்.

பர்வீன் சீடரிடம் கேட்டார். "இவர் அசைவை எப்படிப் பதிவு பண்ணீங்க?"

"'ஆ காட்டுங்க'ன்னேன். காட்டினார். எல்லாருக்கும் அப்படித்தானே பண்றோம்?"

பர்வீன் கேன்டீனிலிருந்து இரண்டு உளுந்த வடை வரவழைத்தார். சூசையின் தாடையில், காமிரா பின்தொடரும் சின்னப் புள்ளிகளை ஒட்டினார். குற்றாலலிங்கத்தின் தாடையிலும் ஒட்டினார்.

"எனக்கு எதுக்கு டாக்டர்?"

"சாப்பிடுங்க சார். ஆறிடும்."

சூசை தயங்கித் தயங்கிக் கைக்குட்டையை எடுத்தார். வலப்பக்கம் ஒதுக்கி நிதானமாக மென்றார். குற்றாலலிங்கம் வழக்கம்போல அவசர அவசரமாக முடித்தார்.

திரையில் இரண்டு கோடுகள் வந்தன. பெயர் இல்லை. ஒன்று ஒரே சீராகச் சுழன்றது. மற்றது ஒரு பக்கமாக வெட்டி இழுத்து, நின்று, திரும்பி வந்தது.

"இதுல யாருக்கு ஆபரேஷன் வேணும் சார்?"

குற்றாலலிங்கம் இரண்டாவதைத் தொட்டார். "இவருக்குத்தான். சந்தேகமே இல்ல."

"அது நீங்க."

குற்றாலலிங்கத்தின் கை தானாகக் கன்னத்துக்குப் போனது. அந்தப் பக்கம் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி வருஷக்கணக்காயிற்று. சூசை சிரித்துவிட்டார். கோணலான சிரிப்புதான். மறைக்க மறந்துவிட்டார்.

"சூசை, ஊர் பேர் கூவுங்க பார்ப்போம்."

"ஆத்தூர், ஆறுமுகநேரி, திருச்செந்தூர்! உள்ள ஏறு, உள்ள ஏறு!"

நடையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஆபரேஷன் வேணாம். டூட்டிக்குப் போங்க."

சூசை கும்பிட்டுவிட்டுப் போனார். கைக்குட்டை மேசையிலேயே கிடந்தது.

குற்றாலலிங்கம் தாம் சரிசெய்த கணினித் தாடையை மறுபடி திரையில் ஓடவிட்டார். நேரான அந்தத் தாடை திறந்தது, மூடியது, திறந்தது.

"கணக்கு எல்லாம் சரியா இருக்கு டாக்டர். இதுல என்னதான் குறை?"

"அதுக்குப் பசியே இல்ல சார். முதல்ல அது வாயில ஒரு வடையை வைங்க."