முதுகு காட்டி ஓட்டிய வள்ளம்

காற்றை எப்படி அடக்குவது என்று வறுவேல் கேட்டபோது ரெக்சனின் வாய் நிறைய மரவள்ளிக் கிழங்கு இருந்தது. மென்று விழுங்கிய பிறகுதான் பதில் வந்தது.

"முதல்ல கயித்தைச் சிக்கெடுங்க அத்தான்."

வள்ளத்தின் பின்னால் விட்டிருந்த இரண்டு தூண்டில் கயிறுகளும் ஒன்றையொன்று முறுக்கிக் கட்டிப்பிடித்துக் கிடந்தன. வறுவேல் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கயிறுகளை மடியில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கச்சான் காற்று மேற்கிலிருந்து வந்து வள்ளத்தை ஒரு சுற்றுச் சுற்றி வைத்தது.

ரெக்சன் வறுவேலின் மனைவி ஜெசிந்தாவுக்குத் தம்பி. அவர் கல்யாணத்தில் அரைக்கால் சட்டையோடு வந்து முதல் பந்தியில் இடம் பிடித்தவன். இப்போது அவன்தான் கற்றுக்கொடுப்பவன்.

வறுவேல் கடலுக்குப் புதியவர் இல்லை. இளவயதிலிருந்தே கொச்சியில் விசைப்படகு ஓட்டியவர். மீன்பிடித் தடைக் காலத்தில் மட்டும் ஊருக்கு வருவார். அவருடைய கடைசி மகள் பக்கத்து வீட்டில் போய், விருந்தாளியைப் பற்றிச் சொல்வது போல, "எங்க அப்பா வந்திருக்காங்க" என்று சொல்வாள். இந்த முறை வந்த இடத்தில் செய்தி வந்தது, முதலாளி படகை விற்றுவிட்டார் என்று. பஹ்ரைனில் இருந்த அவருடைய அண்ணன் அங்கே ஒரு படகில் அவருக்கு வேலை ஏற்பாடு செய்து வைத்து, ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் கேட்டிருந்தார்.

வறுவேல் போக விரும்பவில்லை. மாமனார் விட்டுப்போன பைபர் வள்ளம் கரையில் கவிழ்ந்து கிடந்தது. அதில் தனி ஆளாய் நெய்மீனுக்குப் போய் ஊரிலேயே பிழைக்கலாம் என்று நினைத்தார்.

அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. கச்சான் காலத்தில் ஒருவர் முதன்முதலாகத் தனியே கடலில் இறங்கும்போது, அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர்தான் வள்ளத்தில் முதலில் கை வைத்துத் தள்ள வேண்டும். அவர் கை வைக்காவிட்டால் வேறு யாரும் வைக்கமாட்டார்கள். மணலில் கிடக்கும் வள்ளத்தை ஒற்றை ஆளாய்க் கடலில் இறக்கவும் முடியாது.

ரெக்சனின் கைதான் வேண்டும்.

"விசைப்படகுல எனக்கு இப்படி ஆனதே இல்லலே" என்றார் வறுவேல், சிக்கைப் பல்லால் கடித்துக்கொண்டே.

"அதுல பின்னால வலை பிடிச்சு இழுத்துக்கிட்டு இருக்கும். காத்து என்ன செய்யும்? இது அப்பளம் அத்தான். ஊதினா பறக்கும்."

நெய்மீன் தூண்டிலில் வேலை இவ்வளவுதான். நீளமான கயிற்றின் நுனியில் ஒரு போலி மீன் இருக்கும். வள்ளத்தை மெதுவாக ஓட்டி அதை இழுத்துக்கொண்டே போக வேண்டும். சீராகப் போனால் நெய்மீன் அதை உயிருள்ள மீன் என்று நம்பித் துரத்தும். வள்ளம் வளைந்தால் கயிறு தொய்யும், சிக்கும்.

வறுவேலின் வள்ளம் வளைந்துகொண்டே இருந்தது. அணியம் என்கிற முன்தலையைக் காற்று கிழக்கே தள்ளும். அவர் எஞ்சின் கைப்பிடியை வெட்டி மேற்கே திருப்புவார். திருப்பியது கூடிப்போகும். மறுபடி கிழக்கே இழுப்பார்.

மறுநாள் அவர் வேறு விதமாக முயன்றார். காற்று தள்ளும்போதெல்லாம் எஞ்சினை முறுக்கினார். வள்ளம் நேராகத்தான் பாய்ந்தது. பின்னால் போலி மீன் தண்ணீருக்கு மேலே துள்ளித் துள்ளி வந்தது. மேலே வட்டமிட்ட கடற்பறவை ஒன்று இறங்கி அதைக் கவ்வியது.

பறவையின் அலகிலிருந்து தூண்டிலை எடுக்க இருவரும் படாத பாடு பட்டார்கள். அது ரெக்சனின் மணிக்கட்டைக் கொத்திவிட்டுத்தான் பறந்தது.

"வீட்டுல அக்கா மீன் குழம்புக்குத் தேங்காய் அரைச்சு வச்சிருப்பா" என்றான் ரெக்சன், ரத்தத்தைத் துடைத்தபடி. "போய்க் கோழி மசாலாவா மாத்தச் சொல்லணும்."

"கேலி பண்ணு. ஆனா கேட்டதுக்குப் பதில் சொல்லு. காத்தை எப்படி அடக்க?"

"ஓட்டும்போது எங்க பாக்கீங்க?"

"முன்னாலதான். வேற எங்க பாக்க?"

"முன்னால என்ன தெரியுது?"

"காத்து அணியத்தைத் தள்ளுது. நான் திருப்புறேன். திரும்பவும் தள்ளுது."

"யாரு ஜெயிக்கா?"

வறுவேல் கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டு வள்ளத்தைக் கரைக்குத் திருப்பினார்.

சனிக்கிழமை காற்று கூடியிருந்தது. பாதி வள்ளங்கள் கரையிலேயே கிடந்தன. ஜெசிந்தா தூக்குச்சட்டியில் கஞ்சி கொடுத்தாள். நாளைக்கு அண்ணனுக்கு என்ன பதில் என்று அவள் கேட்கவில்லை.

"இன்னைக்கு வேண்டாம்னா விட்டிடலாம் அத்தான்" என்றான் ரெக்சன்.

"தள்ளு."

கரையலையைத் தாண்டியதும் ரெக்சன் அணியத்தில் போய் உட்கார்ந்தான். வறுவேல் பின்தலையில் எஞ்சினைப் பிடித்தார்.

"திரும்பி உட்காருங்க" என்றான் ரெக்சன்.

"எங்க திரும்ப?"

"பின்னால பார்த்து. எனக்கு முதுகைக் காட்டி."

"லே, உனக்குக் கிறுக்கா? முன்னால யாரு பாக்க?"

"முன்னால நான் இருக்கேன். நீங்க கயித்தைப் பாருங்க."

வறுவேல் மனதுக்குள் அவனைத் திட்டிக்கொண்டே திரும்பி உட்கார்ந்தார். கைப்பிடி இப்போது கைமாறி வந்தது. வலம் இடமானது. முதல் முறை காற்று தள்ளியபோது தவறான பக்கம் திருப்பினார். வள்ளம் சாய்ந்து தண்ணீர் உள்ளே தெறித்தது. முன்னாலிருந்து சத்தம் இல்லை. ஒரு கேலி வந்திருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

பல்லைக் கடித்துக்கொண்டு கயிறுகளைப் பார்த்தார். மேலே அலை நுரைத்துக் கிழிந்துகொண்டிருந்தது. கயிறுகளோ, தண்ணீருக்குள் இறங்கிய இடத்துக்கு அப்பால் அசையவே இல்லை. அங்கே எந்தக் காற்றும் இல்லை.

கயிறு ஒரு பக்கம் சாயத் தொடங்கும்போது கைப்பிடியைக் கொஞ்சம் நகர்த்தினார். அது நேரானதும் விட்டுவிட்டார். அடுத்த முறை அதைவிடக் குறைவாக நகர்த்தினார்.

கயிறுகளுக்கு நேரே, கரையில், மாதா கோயில் கோபுரம் தெரிந்தது. அதற்குப் பின்னால் மலை. ஓடிக்கொண்டிருந்தபோது கோபுரம் மலையின் முகட்டிலிருந்து சற்று நகர்வதை வறுவேல் கவனித்தார். நகர்ந்த அளவுக்குத்தான் வள்ளம் வழி விலகியிருக்கிறது. யாரும் சொல்லவில்லை. அவராகவே கையைத் தளர்த்தி, கோபுரத்தை மறுபடி முகட்டுக்குக் கீழே கொண்டுவந்தார்.

ஒரு முறை திரும்பிப் பார்க்கலாம் என்று தோன்றியது. ஓரக்கண்ணால் பார்த்தார். அணியம் கோணலாக, காற்றைப் பார்த்துத் திரும்பியிருந்தது. சட்டென்று கயிறுகளைப் பார்த்தார். அவை நேராக இருந்தன. கோபுரம் முகட்டுக்குக் கீழேயே நின்றது. வள்ளம் நண்டைப் போலப் பக்கவாட்டில் நடந்து, போக வேண்டிய இடத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தது.

அணியத்தை அவர் திருப்பவில்லை.

எங்கோ இன்னொரு எஞ்சின் சத்தம் கேட்டது. எதிரே ஒரு வள்ளம். பாதித் தலையைத் திருப்பி அதை மட்டும் ஒரு பார்வை பார்த்து, ஒதுங்கி வழிவிட்டு, கோபுரத்தை மறுபடி முகட்டுக்குக் கொண்டுவந்தார்.

அப்போதுதான் இடப்பக்கக் கயிறு விண்ணென்று இழுபட்டது.

"ரெக்சன், மீனு! வந்து பிடி!"

அவன் வரவில்லை. மறுபடி கூப்பிட நேரம் இல்லை. விசைப்படகுப் பழக்கத்தில் எஞ்சினை நிறுத்தக் கை போனது. நிறுத்தினால் காற்று வள்ளத்தைக் கயிற்றின் மேலேயே கொண்டுபோய்ப் போடும். வறுவேல் வேகத்தை மட்டும் குறைத்தார். கைப்பிடியை முழங்காலால் அணைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் கயிற்றை இழுத்தார். மீன் ஓடியபோது விட்டார். ஓய்ந்தபோது இழுத்தார். உள்ளங்கை அறுபட்டது. அவர் கண் கயிற்றை விடவில்லை, முழங்கால் கைப்பிடியை விடவில்லை.

கை நீளத்துக்கு மேலான நெய்மீன் வள்ளத்துக்குள் விழுந்து படபடவென்று அடித்தது.

மூச்சு வாங்க அவர் திரும்பினார். ரெக்சன் அணியத்தில் கால் நீட்டிப் படுத்திருந்தான். முகத்தின் மேல் துண்டு கிடந்தது.

"லே."

துண்டு அசைந்தது. "என்ன அத்தான்?"

"தூங்கினியா?"

"கொஞ்சம்."

"முன்னால நான் இருக்கேன்னு சொன்னியேலே."

"முன்னாலதான இருக்கேன்."

"எதிர்ல ஒரு வள்ளம் வந்துச்சே, இடிச்சிருந்தா என்ன ஆயிருக்கும்?"

"வந்துச்சு. நீங்க ஒதுங்கினீங்க."

"நீ பார்த்தியா?"

"சத்தம் கேட்டுச்சு. கண்ணைத் திறக்கல."

வறுவேல் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தார். கோபம் தணிந்தபோது கேட்க ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

"நாளைக்கு அண்ணனுக்குப் பதில் சொல்லணும். நேராச் சொல்லு. நான் தனியாப் போகலாமா?"

ரெக்சன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். மீனைப் பார்த்தான்.

"இவ்வளவு நேரம் வேற எப்படி வந்தீங்க, அத்தான்?"