யார் சொன்னால் சுவிட்சைப் போடுவது?

திருப்பூரில் டிஜிட்டல் நாணயம் விற்ற கிரிதரனின் ஆபீசைக் கூட்டித் துடைப்பவள் தெய்வானை. மகளின் காது ஆபரேஷனுக்குச் சேர்த்ததையெல்லாம் அந்த நாணயத்தில்தான் போட்டிருந்தாள். திங்கட்கிழமை ஆபரேஷன். சனிக்கிழமை காலையில், ஒரு வருஷத்துக்கு யாரும் பணம் எடுக்க முடியாது என்று விதி மாறிவிட்டது.

பதறி வந்த கூட்டத்திடம் கிரிதரன் கையை விரித்தார்.

"இதுக்கு முதலாளியே கிடையாதுங்க. நூறு ஊர்ல இருக்கிற நூறு கம்ப்யூட்டர் ஓட்டுப் போட்டு மாத்தின விதி. நான் யாரு தடுக்க?"

சுவர்த் திரையில் கம்ப்யூட்டருக்கு ஒன்றாக நூறு பச்சைப் புள்ளிகள் மின்னின.

"நான் வேணா அதுககிட்டக் கேட்டுப் பாக்கட்டுங்களா?" துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டுத் தெய்வானை கேட்டாள்.

"நூறு ஊருக்கும் போயிட்டு வா, ஆத்தா," என்று சிரித்தார்.

அவள் பின்னறைக்குப் போனாள். தூசி தட்டும்போதெல்லாம் தொடாதே என்று அவர் அதட்டும் பெரிய சுவிட்ச் அங்கே இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு அதை அணைத்தாள். ஹாலில் விசிறி சுற்றிக்கொண்டே இருக்க, நூறு புள்ளிகளும் ஒன்றாக அணைந்தன.

கிரிதரன் ஓடி வந்தார். பின்னாலேயே கூட்டமும் வந்து, அலமாரி அலமாரியாக அடுக்கியிருந்த நூறு கம்ப்யூட்டர்களையும் பார்த்தது.

"போடு அதை."

"போடறேனுங்க. ஓட்டெடுப்பு எப்பங்க?"

"ஓட்டாவது மண்ணாவது. நான் சொல்றேன், போடு."

கூட்டம் அவர் பக்கம் திரும்பியது. சுவிட்சிலிருந்து கையை எடுக்காமலே தெய்வானை சொன்னாள்:

"அப்ப எங்க பணத்தைத் தரணும்னும் நீங்களே சொல்லிடுங்கய்யா. அப்புறம் போடறேன்."