முந்தைய படத்தோடு ஒப்பிட்டால்

ஸ்கேன் அறையிலிருந்து வெளியே வந்த ஜெயக்கொடி, டாக்டர் எபினேசரை வழியில் நிறுத்தினார். ஜெயக்கொடி தையல் வேலை செய்பவர். சிறுநீரகம் கெட்டுப்போய், சில வருடங்களாக வாரம் தவறாமல் டயாலிசிஸுக்கு வருகிறவர்.

"டாக்டரே, முந்தியெல்லாம் நூலைப் பல்லால கடிச்சே அறுப்பேன். இப்ப பல்லு நடுவுல வழுக்கிட்டுப் போவுது. என் தாடை வளருது."

"நானும்தான் தினம் பாக்கேன். கல்யாணத்தன்னைக்கு இருந்த அதே மூஞ்சிதான்," என்றார் கூட வந்திருந்த கணவர். "கொஞ்சம் மாறியிருந்தா எனக்குச் சந்தோஷமா இருக்காதா?"

ஜெயக்கொடி சிரிக்கவில்லை.

"கிட்னி கெட்டதால கழுத்துல ஒரு சுரப்பி பெருத்து எலும்பைத் தடிக்க வைக்குமாம். அந்தச் சுரப்பியை எடுத்தா இது நிக்கும்னு சர்ஜன் சொல்லுதாரு. ஆனா எலும்பு மாறியிருக்குன்னு நீங்க எழுதினாத்தான் கத்தியைத் தொடுவாராம்."

எபினேசர் உள்ளே போனார். ஊரில் பல வருடம் கிளினிக் நடத்திவிட்டு, ஸ்கேன் படங்களைப் படிக்கக் கற்றுக்கொள்ள இங்கே வந்திருப்பவர் அவர். புதிய படத்தையும் அதற்கு முந்தைய படத்தையும் அருகருகே வைத்தார். தாடைகளையும் கன்ன எலும்புகளையும் நிதானமாக அளந்தார். 'முந்தைய படத்தோடு ஒப்பிட, மாற்றம் இல்லை' என்று எழுதி, தன் ஆசிரியை டாக்டர் சபீனாவிடம் காட்டினார்.

சபீனா படித்தார்.

"அந்த அம்மா என்ன சொல்றாங்க?"

"வளருதுன்னு சொல்றாங்க மேடம். பயம்தான்."

"போன படத்துக்கு யார் ரிப்போர்ட் எழுதினது?"

"நான்தான். மாற்றம் இல்லை."

"அதுக்கு முந்தினது?"

எபினேசர் சற்றுத் தயங்கினார். "நீங்க, மேடம். மாற்றம் இல்லை."

சபீனா நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். நடுவிலிருந்த படங்களை எல்லாம் ஒவ்வொன்றாக மூடினார். டயாலிசிஸ் தொடங்கிய காலத்தில் எடுத்த முதல் படத்தைத் திறந்து, இன்றைய படத்தின் அருகில் வைத்தார்.

எபினேசர் முன்னால் குனிந்தார். இரண்டும் வெவ்வேறு பெண்களின் முகம் போல இருந்தன. இன்றையதில் மேல்தாடை தடித்து, மூக்கின் வழியை நெருக்கிக்கொண்டிருந்தது. ஒட்டியிருந்த முன்பற்கள் விலகி நின்றன.

அவர் தான் எழுதியதை அழித்தார். மறுபடி அளந்து, புதிதாக எழுதி, சர்ஜனுக்கு அனுப்பினார். அதன் பிறகும் எழுந்து போகவில்லை. பழைய ரிப்போர்ட்டுகளைத் திறந்து, ஒவ்வொரு படத்தையும் அதற்கு முந்தையதோடு வைத்துச் சரிபார்த்துக்கொண்டே இருந்தார். அடுத்தடுத்த எந்த இரண்டிலும் மாற்றம் தெரியவில்லை.

"மேடம், இதுல எது தப்பான ரிப்போர்ட்?"

"எதுவுமே தப்பில்லை," என்றார் சபீனா. "அதனாலதான் இவ்வளவு தூரம் வந்திருக்கு."