உட்காராதவள்

ஆற்றங்கரை மடத்தில் ஆவுடையப்பருக்குக் கிடைத்தது யாரும் கேட்டு வாங்காத வேலை. அமாவாசைதோறும் புத்தி பேதலித்தவர்கள் என்று சொல்லி ஊர்க்காரர்கள் ஆட்களைக் கூட்டி வருவார்கள். அவர் வாசலில் நின்று விசாரிக்க வேண்டும். பேதலித்தது நிஜம்தான் என்றால் கணுக்காலில் ஓர் இரும்பு வளையம் பூட்ட வேண்டும். வளையம் பூட்டப்பட்டவர் மடத்துப் பின்மண்டபத்திலேயே தங்கிவிடுவார். அதன்பிறகு அவர் பேச்சு எந்தச் சபையிலும் ஏறாது. அவருக்கு வீடு கிடையாது. புருஷன் வேறு பெண் கட்டிக்கொள்ளலாம், ஊர் ஒன்றும் சொல்லாது.

பூட்டுவது சுலபம். யாருக்குப் பூட்டுவது என்பதில்தான் மனிதருக்கு உயிர் போயிற்று.

முன்னாளில் அவர் ஜவுளி வியாபாரி. முழக்கோலை வைத்து அளந்து கிழித்துக் கொடுத்தால் எவனும் சண்டைக்கு வரமாட்டான். அந்தப் புத்தி இன்னும் அவரை விடவில்லை. அன்று காலையிலும் வாசலைப் பெருக்கிக்கொண்டே ஆரம்பித்தார்.

"சாமி, பைத்தியத்துக்கு ஒரு அளவு சொல்லுங்க. அலுத்துப்போச்சு எனக்கு."

மடத்துத் தலைவரான சாமி அவரைவிட வயதில் இளையவர். கிணற்றடியில் வேட்டி அலசிக்கொண்டிருந்தார்.

"நீரே ஒண்ணு சொல்லும்."

"ஊருல யாரும் செய்யாததை ஒருத்தன் செஞ்சா?"

"நல்லா ஓடுற கடையை மருமகன்கிட்டக் கொடுத்திட்டு இங்க வந்து வாசல் பெருக்குறீரே, உம்ம ஊர்ல வேற யாரு செஞ்சா?"

ஆவுடையப்பர் கொஞ்ச நேரம் குப்பையைக் கூட்டினார்.

"சரி, வழக்கத்தை மீறினா?"

"ஆத்துக்கு அந்தக் கரையில அக்கா மகளைக் கட்டலேன்னா பழி. இந்தக் கரையில கட்டினாப் பழி. எந்தக் கரையில நின்னு பாக்கப் போறீர்?"

"மனசு நொந்து கிடந்தா?"

"பின்மண்டபத்துல மாசானம் நாள் பூரா சிரிச்சிக்கிட்டுக் கிடக்கான். அவனுக்கு ஒரு நோவும் இல்ல. அவனை வீட்டுக்கு அனுப்பிரவா?"

இப்படிப் பேசுகிறவரிடம் என்னத்தைக் கேட்பது? துடைப்பத்தை மூலையில் சாத்தினார் ஆவுடையப்பர். அதற்குள் வாசலில் அன்றைய ஆள் வந்தாயிற்று.

வந்தவன் பலவேசம். நடுத்தர வயது விவசாயி. கூட்டி வந்தது அவன் மனைவி பேராச்சியை. அவன் வந்ததும் வராததுமாகப் படியில் உட்கார்ந்துவிட்டான். அவள் புங்கமரத்தடியில் நின்றாள்.

"என்ன செய்றா?" என்று கேட்டார் ஆவுடையப்பர்.

"நிக்கிறா."

"நின்னா என்ன?"

"உக்காரவே மாட்டேங்கிறா. எங்க மக தவறினதுல இருந்து இப்படித்தான். சோறு நின்னுக்கிட்டே. அரைக்கிறது, கீரை ஆயிறது எல்லாம் நின்னுக்கிட்டே. ராத்திரி சுவத்துல சாஞ்சு கண்ணை மூடுறா. பந்தியில எல்லாரும் உக்காந்திருக்கையில இவ நட்ட நடுவுல நிக்கிறா. ஊரு சிரிக்கி."

"அடிக்கிறாளா? ஏசுறாளா?"

"இல்ல."

"வேலை?"

"ரெண்டு ஆள் வேலை பாக்கா." பலவேசம் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டான். "எங்க அம்மா வேற பொண்ணு பாத்தாச்சு. நான் கெட்டவன் இல்லய்யா. எனக்கும் மகதான் போனா. வீட்டுக்குள்ள வந்தா இவ நிக்கிறா. அதைப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல. வளையத்தைப் பூட்டிருங்க."

ஆவுடையப்பர் வளையத்தை எடுத்துவந்தார். எடுத்தாரே தவிர, குனிய மனம் வரவில்லை. யாரும் செய்யாததைச் செய்கிறாள், அப்படிப் பார்த்தால் பூட்டலாம். ஒரு வேலையும் கெடவில்லை, அப்படிப் பார்த்தால் பூட்டக் கூடாது. அவள் கால் இரண்டும் தூண் போல வீங்கியிருந்தன. ஆனால் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவருக்கு எரிச்சலாக வந்தது. உள்ளே போய்ச் சாமியைக் கூப்பிட்டார்.

சாமி வந்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. பேராச்சிக்குப் பக்கத்தில் போய் அவரும் நின்றார்.

அந்த மடத்தில் ஒரு முறை உண்டு. சாமி நிற்கும்போது மடத்து ஆட்கள் யாரும் உட்காரக் கூடாது. சாதாரண நாளில் அதனால் யாருக்கும் தொந்தரவில்லை. அன்று சாமி நின்றவர் நின்றவர்தான். வெயில் ஏறியது. சமையல்காரர் அடுப்படியில் நின்றபடியே காய் நறுக்கினார். சாப்பாட்டு மணி அடித்தது. சாமி இலையைக் கையில் வாங்கி நின்றபடியே சாப்பிட்டார். பேராச்சிக்கும் ஓர் இலை கொடுத்தார்கள். ஆவுடையப்பருக்குச் சோறு இறங்கவில்லை.

அவருக்கு முதலில் குதிகால் கடுத்தது. பிறகு முழங்கால். பிறகு இடுப்பு தன் பங்குக்குப் பிடித்துக்கொண்டது. மடத்துக்கு வந்த நாளை மனதுக்குள் திட்டினார். சாமியையும் திட்டினார். கடைசியில் திட்டவும் தெம்பில்லாமல், இவள் இதை எத்தனை நாளாகச் செய்கிறாள் என்று நினைத்தார். அப்போதுதான் உறைத்தது. காலையிலிருந்து அவளைப் பற்றி அவ்வளவு விசாரித்தவர், அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நிழல் மரத்தின் மறுபக்கம் சாய்ந்தபோது பேராச்சி வாய் திறந்தாள்.

"சாமி, அந்தப் பெரியவருக்குக் கால் நடுங்குது. அவரையாவது உக்காரச் சொல்லுங்க."

"அவருக்கு வலிக்குதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும் சாமி."

"உனக்கு வலிக்கலையா?"

அவள் சாமியைப் பார்த்தாள். கேட்டது தன்னைத்தானா என்று சந்தேகப்பட்டவள் போல ஒருமுறை திரும்பியும் பார்த்தாள்.

"வலிக்கி சாமி," என்றாள். "ரொம்ப வலிக்கி."

"உக்காந்தா?"

"உக்காந்தா அவ கூப்பிடுவா."

அவளே சொன்னாள்.

"மக காய்ச்சல்ல கிடந்தா. அன்னைக்குப் பூரா நடவு. வந்து அப்பத்தான் கால நீட்டி உக்காந்தேன். அம்மா, தண்ணின்னு கேட்டா. இந்தா வாரேன்னு சொன்னேன். சொல்லிட்டு உக்காந்தே இருந்தேன். கண்ணு சொக்கிருச்சு." கையிலிருந்த காலி இலையை மடித்தாள். "எந்திரிச்சுத் தண்ணி கொண்டு போனேன். அவ வாங்கிக்கல."

அதுவரை படியில் உட்கார்ந்திருந்த பலவேசம் எழுந்துவிட்டான்.

"இதை என்கிட்டச் சொல்லலியே," என்றான்.

"ஏன் நிக்கிறேன்னு நீங்க கேக்கலியே," என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்படவும் பலம் வேண்டுமே.

பலவேசம் அவள் பக்கத்தில் வந்து நின்றான். என்ன செய்வதென்று தெரியாமல் அவள் கையிலிருந்த எச்சில் இலையை வாங்கிக்கொண்டான்.

ஆவுடையப்பருக்கு இன்னும் ஜவுளிக்கடைப் புத்தி போகவில்லை.

"இப்பவாவது சொல்லுங்க சாமி. இது துக்கமா, பேதலிப்பா? எந்தக் கோலை வெச்சு அளக்க?"

"அவளுக்குக் கால் வலிக்காம்," என்றார் சாமி. "போய் வேப்பெண்ணெய் காய்ச்சிக் கொண்டாரும்."

"அவளை உக்காரச் சொல்லட்டா?"

"வேண்டாம். நின்னபடியே தடவலாம்."

ஆவுடையப்பர் இரண்டடி நடந்தார். திரும்பி வந்தார். காலையிலிருந்து பிடித்துப் பிடித்து அந்த இரும்பு வளையம் அவர் கைச்சூட்டில் சுட்டது.

"அப்போ வளையம்?"

"சட்டி கொதிக்கக் கொதிக்க இருக்கும். தூக்கிட்டு வர ரெண்டு கையும் வேணும்," என்றார் சாமி. "அதைக் கீழ வெச்சிட்டுப் போம்."